ஓமந்தூராரின் கண்டிப்பு

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் என்னும் சிற்றூரில், உழவுத் தொழிலில் ஊன்றிய குடும்பத்தில், 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் தோன்றியவர் இராமசாமி ரெட்டியார் அவர்கள். தேசிய இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறைவாசமும் ஏற்றார். திருவண்ணாமலை ரமண மகரிஷிகளிடம் அவர் கொண்ட பக்தி ஆழ்ந்தது. வடலூர் வள்ளலாரின் நெறியோ அவர் வாழ்வோடு கலந்தது. பிரகாசம் அவர்களின் மந்திரிசபைக்குப் பின், 1947 மார்ச்சில், நண்பர்கள் வற்புறுத்தியதன் பேரில் தயக்கத்துடனேயே சென்னை மாகாணப் பிரதம மந்திரிப் பொறுப்பை ஏற்றார். நாடு விடுதலை பெற்ற நாளில் மாகாணத்தை ஆண்டவர் அவரே.

பக்தர் ஒருவர் ஆட்சிக்கு வந்தமையால் ஆலய விஷயங்களில் அரசாங்கம் வாளாவிருக்கும் என எவரேனும் எண்ணியிருப்பின், அவர் ஏமாந்திருப்பார். 1939-ஆம் ஆண்டுச் சட்டம், தருமகர்த்தர்கள் இசைந்தால் அரசாங்க அனுமதியுடன் அரிஜனங்களுக்குக் கோயிலைத் திறக்கலாம் என்ற அளவில் நின்றிருந்தது. 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் அதனைச் சகல இந்துக்களின் உரிமையாகவே ஆக்கிற்று. சந்நிதியில் நிற்பது பிறருடைய தயவால் பெறும் சலுகையாக இருத்தல் தகாதன்றோ! அதே ஆண்டில் பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் பல்லாண்டு போராடிய காரியம் அவ்வாறு நிறைவேறியது.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சமய நிலையங்கள் இழந்த வருமானத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் தஸ்திக் தொகை வழங்க அதில் வழி செய்யப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று.

எதிர்ப்பு மிகக் கடுமையாக எழுந்தது அறநிலையங்களைப் பற்றிய மசோதாவின்போதுதான். கோயில் நிலமும் நகையும் ஆண்டவனுடையவை. அவற்றின் கணக்கைக் கேட்பவர் யார் என்பதே கேள்வி. வாரியத்தின் மேற்பார்வையில் இருந்த கோயில்களையும் மடங்களையும் அரசாங்க இலாகாவின் கீழ்க் கொணர அவருடைய ஆட்சி 1949-இல் முற்பட்டது. மடாதிபதிகள் பலர் மனம் புண்பட்டனர். தாடி இல்லாத இராமசாமி நாயக்கர் என்று அவரை ஏசியவரும் உண்டு. அந்த ஏச்சில் ஒரு விந்தை காண்க: ஈ.வெ.ரா. அவர்களின் கருஞ்சட்டைப் படைக்கு 1948-இல் தடை விதித்ததும் இவருடைய அரசாங்கமே! நீறணிந்தோரின் சினமும் கருஞ்சட்டையினரின் சினமும் ஒருங்கே வந்து சேர்ந்தன. அவர் அசையவில்லை. மசோதா அவர் விலகிய பின் 1951-இல் சட்டமாயிற்று. 1954-இல் உச்ச நீதிமன்றம் மடங்களின் உரிமையைக் காத்து அதன் சில பிரிவுகளைச் செல்லாதனவாக்கியது. 1959-இல் வேறு சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே எதிர்த்தோர் கூற்று முற்றும் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஆலயச் சொத்துக்குக் கணக்கு வேண்டும் என்னும் அடிப்படை நிலைத்தது.

ஆனால் அவருடைய பதவிக்கு முடிவு வந்தது மடங்களினால் அன்று, சொந்தக் கட்சியினால். உத்தியோகம், உரிமம், மாற்றல் ஆகியவற்றுக்குச் சிபாரிசு தாங்கி வந்த காங்கிரஸ்காரர்களுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. நிர்வாகத்தில் சட்டசபை அங்கத்தினர்கள் குறுக்கிடுவதையும் அவர் பொறுத்தாரில்லை. உடன் சிறை சென்றவர்க்கும் இந்த விதியே. அவர்களுள் சிலர் உண்மையாகவே வறுமையுற்றிருந்திருக்கலாம். அந்த மறுப்பு அவர்களுக்குக் கொடியதாகவே தோன்றியிருக்கும். இணக்கமாகப் பேசி அனுப்பும் கலை அவருக்குக் கைவரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். கட்சிக்குள் அதிருப்தி திரண்டது. 1949 ஏப்ரல் 6-ஆம் நாள் அவர் பதவி நீங்க, குமாரசாமி ராஜா அவர்கள் அவ்விடத்துக்கு வந்தார்.

இரண்டாண்டுகளும் சில நாட்களுமே நீடித்த ஆட்சி அது. பின்னர் ஓமந்தூரார் வடலூருக்குச் சென்றார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு உணவும் கல்வியும் கிடைக்கச் செய்யும் பணியில் ஈடுபட்டார். 1970 ஆகஸ்டு 25-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.