சுருக்கெழுத்தாளர் உருவாக்கிய வால்வோ

பெங்களூரில் இருந்து ஊருக்குப் போய்வரும் நம்மவர்கள், குளிர்சாதன பஸ்சில் வந்ததாகச் சொல்வது இல்லை. வால்வோவில் வந்ததாகவே சொல்வார்கள். எந்தக் கம்பெனி செய்த சொகுசு பஸ் ஆனாலும் அதற்கு வால்வோ என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் என்ஜினீயர் அல்ல. மெக்கானிக்கும் அல்ல. நம்மில் பலரைப்போல கணக்கும், சுருக்கெழுத்தும் தெரிந்து, அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்.

அவர்தான் ஆசார் கேப்ரியல்சன்.

பாராளுமன்றத்தில் வேலை

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு சுவீடன். ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். அந்த நாட்டில் கோர்ஸ்பெர்கா என்ற சிற்றூரில் 1891-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந்தேதி கேப்ரியல்சன் பிறந்தார்.

தலைநகர் ஸ்டாக்ஹோமில் படித்தார். அங்குள்ள வணிகக் கல்லூரியில் 1911-ம் ஆண்டு பட்டம் பெற்றார். மறு ஆண்டே வேலை கிடைத்தது. சுவீடன் பாராளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர் வேலை. உறுப்பினர்கள் பேசப்பேச அதைக் குறிப்பு எடுக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார்.

சுருக்கெழுத்துக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்றவர்கள் பேசும்போது அவர் பேசமாட்டார். கவனிப்பார். கேப்ரியல்சனுக்கு அந்தப் பழக்கம் பின்னால் பெரிதும் கைகொடுத்தது.

பேரிங் கம்பெனியில்

1916-ம் ஆண்டு துறைமுக நகரமான கோத்தன்பர்க்குக்குப் போய், எஸ்.கே.எப். என்ற பேரிங் கம்பெனியில் சேர்ந்தார். இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே உருண்டைகள் உருளும் பொருள் பேரிங். அது இல்லாமல் சக்கரமோ எந்திரமோ சுலபமாகச் சுழலாது. ரெயில்வேயில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இதை விளக்கவேண்டிய தேவை இல்லை.

கம்பெனி அவரைப் பாரீஸ் நகருக்கு அனுப்பியது. அங்கே கிளையின் பொறுப்பை ஏற்றார். பின்னர் கோத்தன்பர்க் திரும்பி, விற்பனை மானேஜர் ஆனார்.

பல நாட்டுக் கார் கம்பெனிகளுக்கு பேரிங் விற்றபோது அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சுவீடன் எஃகு தரமானது. அங்கே அன்று கூலியும் அதிகம் இல்லை. அதனால் சுவீடனில் செய்த பேரிங் உலகச் சந்தையில் தரத்தில் மட்டும் அல்ல, விலையிலும் போட்டி போட்டது. ஆனால் சுவீடன் ரோடுகளில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை அமெரிக்க கார்கள்.

பேரிங்கில் முடிந்தது காரில் ஏன் முடியாது? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

ஓட்டலில் பேசிய பேச்சு

கணக்கு தெரியும். கார் செய்யத் தெரியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

எஸ்.கே.எப். கம்பெனியில் முன்பு வேலை பார்த்த குஸ்டாப் லார்சன் என்ற என்ஜினீயர் அவர் நினைவுக்கு வந்தார். லார்சன் இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரில், மோட்டார் என்ஜின் செய்யும் கம்பெனியில் பழகியவர்.

1924-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்டூரேஹோப் என்ற ஓட்டலில் இருவரும் சந்தித்தார்கள். கார் செய்வது என்று வாய்மொழியாக முடிவு எடுத்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் ஆனது அதற்கு ஓர் ஆண்டுக்கும் மேல் கழித்துத்தான். அதிலும் ஒரு கடுமையான நிபந்தனை இருந்தது. 1928-ம் ஆண்டு பிறப்பதற்குள் குறைந்தது 100 கார்களைத் தயாரிக்கும் வேலை தொடங்காவிட்டால், லார்சனுக்கு அவர் உழைப்புக்கான பணம் கிடையாது.

லார்சன் சம்மதித்தார். பகலில் தம் வேலைக்குப் போவார். மாலையில் வீடு திரும்பி கார் வரைபடம் போடுவார்.

சொந்தப் பணம் 1½ லட்சம்

எஸ்.கே.எப். மேலிடம் முதலில் இந்தத் திட்டத்துக்கு இசையவில்லை. வேறு ஒருவராக இருந்தால் அத்தோடு கைகழுவி இருப்பார். கேப்ரியல்சன் தம் சொந்தப் பணத்தை எடுத்தார். 1½ லட்சம் குரோனர். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை.

அந்தப் பணத்தில் 10 மாதிரி கார்கள் செய்யப்பட்டன. அதில் 9 கார்கள் திறந்தவை. ஒன்று மட்டும் கூரை போட்டது. 1926-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் கார் தயார் ஆயிற்று. இருவரும் அதை ஸ்டாக்ஹோமில் இருந்து கோத்தன்பர்க் வரை ஓட்டிச் சென்று காட்டினார்கள்.

காகிதத்தில் பார்த்தபோது மறுத்தவர்கள், காரைக் கண்ணால் பார்த்தபோது இறங்கி வந்தார்கள். எஸ்.கே.எப். கம்பெனியிடம் 1915-ம் ஆண்டு பதிவு செய்து, பயன்படுத்தாமல் வைத்திருந்த ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரையும், தொழிற்சாலைக்கு இடத்தையும் கொடுத்தார்கள்.

அந்தப் பெயர்தான் வால்வோ. லத்தீன் மொழியில் நான் உருள்கிறேன் என்று பொருள். பேரிங்குக்காக வைத்த பெயர், காருக்குப் பொருந்திவிட்டது.

1927-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி கேப்ரியல்சன் வால்வோவின் நிர்வாகத் தலைவர் ஆனார்.

பின்னால் போன கார்

1927-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி. முதல் காரை வெளியே ஓட்டிவரும் நாள். கியர் போட்டார்கள். கார் முன்னால் வருவதற்குப் பதிலாகப் பின்னால் போயிற்று!

பின் அச்சில் உள்ள பல்சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவசர அவசரமாகச் சரிசெய்து, வெளியே கொண்டுவந்தார்கள்.

திறந்த காரின் விலை 4,800 குரோனர். சுவீடன் குளிரில் திறந்த காரை யார் வாங்குவார்கள்? முதல் ஆண்டில் விற்ற மொத்தக் கார்கள் 297தான்.

கம்பெனியைக் காப்பாற்றியது லாரி. 1928-ம் ஆண்டு வெளிவந்த வால்வோ லாரிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. 1929-ம் ஆண்டு கம்பெனி முதல் லாபத்தைப் பார்த்தது. 1935-ம் ஆண்டு பங்கு மார்க்கெட்டில் இடம் பெற்றது.

பாதுகாப்பு முதலில்

காரில் போவது மனிதர்கள். ஆகவே செய்யும் எந்த வேலையிலும் பாதுகாப்பே அடிப்படையாக இருக்கவேண்டும் என்பது கேப்ரியல்சன், லார்சன் இருவரும் வகுத்த விதி. மற்றவர்கள் வேகத்தையும் பளபளப்பையும் விளம்பரம் செய்த காலம் அது.

இரண்டாவது உலகப்போர் முடியும் முன்பே, 1944-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஸ்டாக்ஹோமில் ஒரு சிறிய காரை வால்வோ காட்சிக்கு வைத்தது. பெயர் பி.வி.444. கார் கவிழ்ந்தாலும் நசுங்காமல் தாங்கும் உறுதியான கூண்டு போன்ற உடல். முன் கண்ணாடி உடைந்தாலும் முகத்தில் சிதறாதபடி ஒட்டுக் கண்ணாடி. விலை, 17 ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் காரின் அதே 4,800 குரோனர்.

கூட்டம் அலைமோதியது. ஆனால் போர்க்காலத்தில் தகடு கிடைக்கவில்லை. 1947-ம் ஆண்டுதான் காரைத் தயாரித்துத் தரமுடிந்தது.

1954-ம் ஆண்டு யாரும் எதிர்பாராத ஓர் அறிவிப்பு வந்தது. வால்வோ கார் வாங்கியவர் 5 ஆண்டுகளுக்குள் விபத்தில் சிக்கினால், ஒரு சிறு தொகைக்கு மேற்பட்ட பழுதுபார்க்கும் செலவை கம்பெனியே ஏற்கும் என்பதுதான் அது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொதித்து எழுந்தன.

இங்கேதான் கணக்குத் தெரிந்தவரின் மூளை தெரிகிறது. கார் நொறுங்கினால் நஷ்டம் வாங்கியவருக்கு என்றால், செய்தவருக்குக் கவலை இல்லை. நஷ்டம் செய்தவருக்கே என்றால், காரை உறுதியாகச் செய்துதானே ஆகவேண்டும்? பாதுகாப்பை அவர் உபதேசமாக வைக்கவில்லை. வரவு செலவுக் கணக்கில் ஏற்றிவிட்டார்.

சறுக்கலும் உண்டு

அவர் செய்தது எல்லாம் வெற்றி அல்ல. அமெரிக்கா போனபோது பிளாஸ்டிக் உடல் கொண்ட கார்களைக் கண்டு, அதேபோல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய ஆசைப்பட்டார். செய்தும் பார்த்தார்கள். தரம் சரியாக வரவில்லை. விற்றவை எழுபதைக்கூட எட்டவில்லை.

1956-ம் ஆண்டு கேப்ரியல்சன் நிர்வாகப் பொறுப்பை விட்டு, இயக்குனர் குழுவின் தலைவர் ஆனார். அடுத்து வந்த குன்னார் எங்கெல்லாவ் அந்தக் காரை ஓட்டிப்பார்த்தார். அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார். நிறுவனர் ஆசைப்பட்ட கார் என்று தயங்கவில்லை. தரம் என்று வந்தால் நிறுவனரும் ஒன்றுதான். அந்தக் கம்பெனிக்கு நல்ல பெயர் வந்தது இப்படித்தான்.

உயிர் காக்கும் பெல்ட்

எங்கெல்லாவின் உறவினர் ஒருவர் கார் விபத்தில் இறந்தார். அன்று இருந்த சீட் பெல்ட் வயிற்றின் குறுக்கே கட்டுவது. விபத்தில் அதுவே குடலைக் காயப்படுத்தியது. இதற்கு வழி காண, 1958-ம் ஆண்டு நில்ஸ் போலின் என்ற என்ஜினீயரை வேலைக்கு எடுத்தார். ஆபத்து நேரத்தில் போர் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் கருவியில் பழகியவர் அவர்.

போலின் கண்டுபிடித்ததுதான் இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மூன்று முனை பெல்ட். ஒரு பகுதி மார்பின் குறுக்கே. ஒரு பகுதி இடுப்பின் மேல். இரண்டும் இருக்கையின் பக்கவாட்டில், தாழ்வான ஓர் இடத்தில் வந்து மாட்டும். ஒரு கையால் மாட்டலாம்.

இந்த பெல்ட்டோடு முதல் கார் 1959-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந்தேதி விற்பனையாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று கேப்ரியல்சனுக்கு 68-வது பிறந்தநாள். தற்செயலாக அமைந்ததுதான். ஆனாலும் அவருக்கு அதைவிட நல்ல பரிசு இருக்க முடியாது.

வால்வோ அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைக்கவில்லை. போட்டிக் கம்பெனிகள் உள்பட யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. விற்றிருந்தால் கோடிகோடியாக வந்திருக்கும்.

1967-ம் ஆண்டு போலின் 28 ஆயிரம் விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். பெல்ட் போடாதவர்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில்கூட இறந்திருந்தார்கள். பெல்ட் போட்டவர்களில், 96 கி.மீ. வேகத்துக்குக் கீழே ஒருவர்கூட இறக்கவில்லை.

மறைவு

அந்த அறிக்கையைப் பார்க்க கேப்ரியல்சன் இல்லை. 1962-ம் ஆண்டு மே 28-ந்தேதி காலமானார். வயது 70. ஆறு வாரம் கழித்து, ஜூலை மாதம், அந்த பெல்ட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. லார்சன் 1968-ம் ஆண்டு மறைந்தார்.

பிறகு வால்வோவின் கார் பிரிவை 1999-ம் ஆண்டு அமெரிக்காவின் போர்டு கம்பெனி வாங்கியது. 2010-ம் ஆண்டு அது சீனாவின் ஜீலி கம்பெனியிடம் போயிற்று. லாரியும் பஸ்சும் பழைய வால்வோவிடமே இருந்தன. அந்த வால்வோதான் 1998-ம் ஆண்டு பெங்களூருக்குக் கிழக்கே உள்ள ஹொசகோட்டேயில் லாரித் தொழிற்சாலை தொடங்கி, 2001-ம் ஆண்டு பஸ்சையும் நமக்குக் கொண்டுவந்தது.

பெயர் மட்டும் போதாது

பெயரை நம்பி மட்டும் உயிரை ஒப்படைக்க முடியாது. 2013-ம் ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி, பெங்களூரில் இருந்து ஐதராபாத் போன ஒரு தனியார் வால்வோ பஸ், மகபூப்நகர் மாவட்டம் பாலேம் அருகே சிறுபாலத்தில் மோதித் தீப்பிடித்தது. 45 பேர் கருகி இறந்தார்கள். நம் ரோட்டுக்கும், டிரைவருக்கும், பஸ் நடத்துகிறவருக்கும், பயணிக்கும் பொறுப்பு இருக்கிறது.

2022-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சீட் பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இதில் ஏறக்குறைய பாதிப்பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல. கூட உட்கார்ந்து போனவர்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக் கார் பிடித்து ஊருக்குப் போகிறோம். முன் சீட்டில் இருப்பவர் ஓசூர் தாண்டும் வரை, போலீசுக்குப் பயந்து பெல்ட் போடுவார். பின் சீட்டில் பெல்ட் இருப்பதையே யாரும் பார்ப்பது இல்லை. அது இருக்கையின் இடுக்கில் புதைந்து கிடக்கும். பின் சீட்டிலும் போடவேண்டும் என்பதே சட்டம். போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

எங்கோ பனி நாட்டில் ஒரு சுருக்கெழுத்தாளர் தம் சேமிப்பை எல்லாம் வைத்துத் தொடங்கிய கம்பெனி, காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்த பொருள் அது. மாட்டுவதற்கு இரண்டு வினாடி ஆகும். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, சீட்டின் இடுக்கில் கைவிட்டு அதை வெளியே எடுங்கள். பிள்ளைகளுக்கும் மாட்டிவிடுங்கள்.