பாரதியார் நடத்திய "இந்தியா"

1894-ம் ஆண்டு. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். எட்டயபுரம் சின்னச்சாமி அய்யரின் மகன். தமிழ் என்றால் அவனுக்குக் கரும்பு. கணக்கு என்றால் வேம்பு!

அந்தச் சிறுவன்தான் மகாகவி பாரதியார்.

1904-ல் பாரதியார் சென்னைக்குப் போய், "சுதேசமித்திரன்" பத்திரிகையில் உதவி ஆசிரியர் ஆனார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதித் தருவது அவர் வேலை. ஆனால் அவர் மனதில் இருந்ததை எல்லாம் அங்கே எழுத முடியவில்லை.

1906 மே மாதம் "இந்தியா" என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. பணம் போட்டவர் மண்டயம் திருமலாச்சாரியார். எழுதியவர் பாரதியார்.

அதில் கேலிச் சித்திரங்கள் வெளிவந்தன. தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அது புதுமை. சித்திரத்தின் பொருளையும் விளக்கி எழுதினார்கள். ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அல்லவா!

நெல்லையில் தீ

அதே 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். "இந்தியா" அவருக்குத் தோள் கொடுத்தது.

1908 மார்ச் 12-ந் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. கடைகள் மூடப்பட்டன. நகரசபை அலுவலகமும் தபால் ஆபீசும் தீப்பிடித்து எரிந்தன. போலீசார் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள்.

பாரதியார் பாளையங்கோட்டைக்கு வந்தார். படித்த ஊர் ஆற்றுக்கு அக்கரையில். நண்பர் இக்கரைச் சிறையில்! வ.உ.சி.யைக் கண்டு திரும்பினார்.

சிறைக்குப் போனவர்

அரசாங்கத்தின் பார்வை பத்திரிகை மீது திரும்பியது. 1908 ஆகஸ்டில் போலீசார் "இந்தியா" ஆசிரியரைக் கைது செய்தார்கள். ஆனால் பிடிபட்டவர் பாரதியார் அல்ல! சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகி இருந்தவர் எம்.சீனிவாசன். அவருக்கு 5 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நண்பர்கள் வற்புறுத்தவே, பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்விட்டார். அவர் தப்பியதால் தமிழுக்குக் கிடைத்த செல்வம் பெரிது. ஆனாலும், பிறர் எழுத்துக்காகச் சிறை புகுந்த சீனிவாசனின் பெயரை எத்தனை பேர் நினைக்கிறோம்?

அச்சகமும் புதுச்சேரிக்கு வந்தது. அக்டோபரில் "இந்தியா" மீண்டும் வெளிவந்தது. வெள்ளைக்கார அரசு விடவில்லை. ஆசிரியரைப் பிடிக்க முடியாததால், பத்திரிகை தன் எல்லைக்குள் நுழையாதபடி தடுத்தது. வாசகர்களோ எல்லைக்கு இந்தப் பக்கம்! 1910 மார்ச் மாதம் "இந்தியா" நின்றது.

கடையத்தில்

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். கடலூரில் கைதாகி, டிசம்பரில் விடுதலையானார். நேரே மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார்.

வறுமை வாட்டியது. ஆனாலும் 1920-ல் ஒரு பெரிய திட்டம் போட்டார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விலை போகும் என்று நம்பினார். பண உதவி கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் அனுப்பினார்.

பணம் வரவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் பாரதியார் மறுபடி சென்னைக்குப் போனார். 16 ஆண்டுகளுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த அதே "சுதேசமித்திரன்" பத்திரிகையில் மீண்டும் உதவி ஆசிரியராக அமர்ந்தார். 1921 செப்டம்பரில் இறக்கும்போது அவருக்கு 38 வயது.