கல்லைக் கீறாமல் பெயரை விட்டுவந்த மனுஷன்! லெட்டர்பாக்ஸிங்கைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் பெராட்டின் கதை

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். சித்தன்னவாசல் மலைமேல ஏறி, பாறையில் வெட்டிய ஏழு குழிப் படிகளில் காலை ஊன்றி நடந்தா ஏழடிப்பட்டம் வந்துடும். குகைக்குள்ள 17 கல் படுக்கைகள். சமண முனிவர்கள் உட்கார்ந்தும் படுத்தும் தவம் செய்த இடம். படுக்கைகளின் ஓரத்தில் திருநீலன், திட்டைச்சரணன் என்று சில முனிவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கு. ஆயிரம் வருஷத்துக்கும் மேலான எழுத்து அது.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். திரும்பி இறங்கும்போது பாதையோரப் பாறையில் இன்னொரு வகை எழுத்தும் கண்ணில் பட்டது. ஒரு இதயம், நடுவில் அம்பு, ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு. பக்கத்துலயே ஒரு காலேஜ் பேட்ச் நம்பர். பார்த்ததும் கோபம்தான் வந்தது. ஆனா கூடவே ஒரு கேள்வியும் வந்தது. கஷ்டப்பட்டு ஒரு உச்சிக்கு ஏறினவனுக்கு, நான் இங்கே வந்தேன்னு எழுதிவைக்கணும்னு ஏன் கை பரபரக்குது? அந்த ஆசையை வேற எங்கேயாவது திருப்பிவிட முடியாதா?

முடியும்னு 170 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் காட்டியிருக்கார். பெரிய படிப்பாளியோ, பிரபுவோ இல்லை. மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற வழிகாட்டி. பெயர் ஜேம்ஸ் பெராட்.

சாக்ஃபோர்டின் வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டம். அதன் நடுவே டார்ட்மூர்னு ஒரு மேட்டு நிலம். ஷெர்லாக் ஹோம்ஸ் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பாஸ்கர்வில் வேட்டைநாய் ஓலமிடுகிற இடம் இதுதான். ஆள் நடமாட்டம் இல்லாத புல்வெளி, திடீர்னு இறங்கும் மூடுபனி, காலை வெச்சா உள்ளே இழுக்கும் சதுப்பு. அங்கங்கே குன்று உச்சியில கருங்கல் பாறைகள், நம்ம நார்த்தாமலைப் பக்கம் பார்க்கிற மாதிரியே!

இந்த மேட்டு நிலத்தின் ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர் சாக்ஃபோர்ட். பெராட்டின் ஊர் அது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் வசதியான குடும்பங்களுக்குப் புதுசா ஒரு ஆசை வந்திருந்தது. ரயில் ஏறி ஊர் ஊராப் போகணும், மலை பார்க்கணும், காட்டாறு பார்க்கணும். அப்படி வந்தவங்களுக்கு டார்ட்மூரில் வழி தெரியாது. பலகை கிடையாது, சரியான பாதையும் கிடையாது. எந்தப் புல் மேல கால் வைக்கலாம், எது ஏமாற்றும் சேறு, பனி இறங்கினா எந்த ஓடையைப் பிடிச்சு இறங்கணும்... இதெல்லாம் தெரிஞ்ச உள்ளூர் ஆள் வேணும். அந்த ஆள்தான் பெராட். அவர் பெயரைச் சொன்னாலே சாக்ஃபோர்ட், சாக்ஃபோர்டைச் சொன்னாலே அவர் என்கிற அளவுக்குப் பேர் வாங்கினார்.

தண்ணீர் இல்லாத குளம்

டார்ட்மூரின் வடபகுதியில், எல்லா ஊரிலிருந்தும் தள்ளி இருக்கிற இடம் கிரான்மியர் குளம். குளம்னு பேர்தான். தண்ணி எப்பவோ வடிஞ்சுபோய், வெறும் சேற்றுப்பள்ளம்தான் மிச்சம்.

அதுக்கு ஊர்க்காரங்க ஒரு கதை வெச்சிருக்காங்க. பக்கத்து ஊரான ஓக்ஹாம்ப்டனில் மேயராக இருந்த ஒருத்தர் செத்தும் அடங்கலையாம். ஆவியா அலைஞ்சவருக்கு, ஒரு சல்லடையால் இந்தக் குளத்தை இறைச்சு முடின்னு தண்டனை கொடுத்தாங்களாம். அவரோ ஒரு ஆட்டுத்தோலைப் பிடிச்சு சல்லடைக்குள் விரிச்சு, மளமளன்னு இறைச்சுத் தள்ளிட்டாராம். இறைச்ச தண்ணியில ஊரே முழுகிடுச்சாம்! நம்ம ஊர் முனிக்கதைக்குச் சளைச்சது இல்லை.

கதை இருக்கு, ஆபத்து இருக்கு, தூரமும் இருக்கு. அதனாலேயே கிரான்மியர் வரைக்கும் போய் வர்றது பெரிய சாதனையா இருந்தது. பல மணி நேரம் சேற்றில் நடக்கணும். ஆனா, அங்கே போய் நின்னா பார்க்க ஒண்ணுமே இல்லை. போனதுக்கு அடையாளம்னு எதையும் கொண்டுவரவும் முடியாது.

ஒரு பாட்டில் செய்த வேலை

1854-ல் பெராட் ஒரு வேலை செய்தார். அப்போ அவருக்கு நாற்பதை நெருங்கிய வயசு. கிரான்மியரில் கற்களைச் சின்னதா குவிச்சார். அதில் ஒரு கண்ணாடி பாட்டிலை வெச்சார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் கனவான்கள் பாக்கெட்டில் எப்பவும் விசிட்டிங் கார்டு இருக்கும். ஒருத்தர் வீட்டுக்குப் போனா வாசலில் கார்டைக் கொடுக்கிறது அவங்க வழக்கம். அதே மரியாதையை மலைக்கும் செய்யட்டும் என்பதுபோல, இங்கே வரைக்கும் நடந்தவங்க கார்டை பாட்டிலில் போட்டுட்டுப் போகலாம். அடுத்து வர்றவர் அதைத் திறந்து, தனக்கு முன்னாடி யார் யார் இந்தச் சேற்றைத் தாண்டினாங்கன்னு பார்க்கலாம்.

தற்செயலா, இந்தியா முழுமைக்குமான முதல் தபால்தலைகள் வெளிவந்ததும் அதே 1854-ல்தான். இங்கே நாடு முழுமைக்குமான தபால்தலை வந்த வருஷத்தில், அங்கே ஒரு சேற்றுப்பள்ளத்துக்கு முகவரி கிடைச்சது.

பெராட் அதுக்குப் பிறகும் பல வருஷம் வழிகாட்டியாகவே வாழ்ந்து 1895-ல் காலமானார். அதுக்கு முன்பே, 1888-ல், பாட்டில் இருந்த இடத்துக்குத் தகரப் பெட்டி வந்துடுச்சு. 1905-ல் கையெழுத்துப் போட நோட்டும் வந்தது. தன் முகவரி எழுதிய தபால் அட்டையைப் பெட்டியில் விட்டுட்டுப் போகும் பழக்கமும் உருவாச்சு. அடுத்து வர்ற முகம் தெரியாத ஆள் அதை எடுத்துட்டுப் போய்த் தன் ஊரில் தபாலில் சேர்ப்பார். லெட்டர்பாக்ஸிங் என்கிற பெயர் இதிலிருந்துதான். 1921-ல், பின்னாளில் மன்னர் எட்டாம் எட்வர்டான வேல்ஸ் இளவரசரும் கிரான்மியருக்கு வந்து கையெழுத்துப் போட்டார். பிரபுவுக்குப் பை தூக்கி வழிகாட்டின ஒருத்தர் தொடங்கிவைத்த பழக்கத்தால், நாட்டின் வருங்கால ராஜா பெயரும் அங்கே பதிவாச்சு!

1937-ல் ஒரு உள்ளூர் நாளிதழ் வாசகர்களிடம் நிதி திரட்டி, அங்கே கல்லாலேயே பெட்டி கட்டியது. அடுத்த வருஷம், டார்ட்மூரைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய வில்லியம் கிராஸிங் நினைவாக டக்ஸ் குளத்தில் இன்னொரு பெட்டி. 1970-களுக்குப் பிறகு ஆட்டம் பெருகி, டார்ட்மூர் முழுக்க ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒளிஞ்சிருந்தன. 1998-ல் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையால் அமெரிக்காவின் பூங்காப் பாதைகளுக்கும் பரவியது.

எப்படி விளையாடுறது?

ரொம்ப எளிது. பெட்டியை ஒளிச்சவர் ஒரு விடுகதை மாதிரி குறிப்பு கொடுப்பார். காம்பஸோடு அதைப் பிடிச்சுப் போகணும். பெட்டிக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு நோட்டும் இருக்கும். அந்த ஸ்டாம்பை உங்க நோட்டில் குத்திக்கணும், உங்க ஸ்டாம்பை அந்த நோட்டில் குத்தணும். பிறகு இருந்தபடியே மறைச்சுட்டு வரணும். ஸ்டாம்பைப் பலர் அழிரப்பரில் தாங்களே செதுக்குவாங்க. சின்ன வயசுல வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்ச்சு அச்சு குத்தினவங்கதானே நாம!

முக்கியமான விதி ஒண்ணு உண்டு. பழங்காலக் கற்குவியல், கல்லறை, சின்னங்கள் எதிலும் பெட்டி வைக்கக் கூடாது. தோண்டக் கூடாது, சிமென்ட் பூசக் கூடாது. அதே விதிப்படி பார்த்தா சித்தன்னவாசல் மாதிரி பாதுகாக்கப்பட்ட இடத்தில் பெட்டி வைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஆனா, பெராட்டின் யோசனைக்கு அங்கேயும் வேலை இருக்கு. குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறீங்களா? ஒரு நோட்டு, ஒரு அழிரப்பர் ஸ்டாம்பு கையில கொடுங்க. ஏழடிப்பட்டம் போயிட்டு வந்ததும் தேதி போட்டு ஒரு முத்திரை, அறிவர் கோயில் ஓவியத்துத் தாமரையைப் பார்த்ததும் ஒரு முத்திரை. பக்கத்திலேயே அவங்க கையால ஒரு படம். வந்ததுக்கு அடையாளம் அவங்க கூடவே வீட்டுக்கு வரும்.

அந்தக் கல் படுக்கையில் பெயர் இருக்கிற முனிவர்கள் உலகத்தையே விட்டுட்டு வந்தவங்க. நாம ஒரு மணி நேரத்துக்கு வந்துபோறவங்க. அவங்களுக்குக் கல் சரி. நமக்கு ஒரு நோட்டு போதும்னு சாக்ஃபோர்டின் அந்த வழிகாட்டி ஒரு காலி பாட்டிலை வெச்சே சொல்லிட்டுப் போயிட்டார்.