கண் இழந்த மேதை சொன்னார். தையற்கார இளைஞன் எழுதினான்!

ரஷிய நாட்டின் பீட்டர்ஸ்பர்க் நகரம். நேவா ஆற்றங்கரையில் ஒரு வீடு. வீட்டுக்குள் ஒரு பெரிய மேசை. அந்த மேசையைச் சுற்றி ஒரு பெரியவர் மெல்ல நடக்கிறார். அவருடைய கை மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போகிறது. வலது கண்ணின் பார்வை போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது இடது கண்ணிலும் புரை விழுந்து, உலகம் இருண்டுவிட்டது.

மேசை அருகே ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். கையில் இறகுப் பேனா. அவன் கற்ற தொழில் தையல். வேலைக்காரனாக அந்த வீட்டுக்கு வந்தவன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஓரளவு தெரியும். அதற்கு மேல் கணிதம் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

பெரியவர் சொல்லுகிறார். இளைஞன் எழுதுகிறான்.

இப்படி ஒரு நூல் உருவாயிற்று. எண்ணத் தெரிந்தவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், அல்ஜீப்ராவின் உச்சியில் நிறுத்திவிடும் நூல் அது. அதைச் சொன்ன பெரியவர்தான் லியோனார்டு ஆய்லர். உலகம் கண்ட கணித மேதைகளில் தலைசிறந்தவர்களில் ஒருவர்.

பாதிரியார் மகன்

ஆய்லர் 1707-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஸ்விட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் பிறந்தார். தந்தை பால் ஆய்லர் ஒரு பாதிரியார். பாசலுக்குப் பக்கத்தில் உள்ள ரீஹன் என்ற கிராமத்தில் அவருக்கு வேலை. குடும்பம் அங்கே குடியேறியது.

தந்தைக்குக் கணக்கில் பற்று உண்டு. மகனுக்கு முதல் ஆசிரியர் அவரே. அவர் மகன் கையில் கொடுத்தது ருடால்ப் என்பவர் எழுதிய பழைய அல்ஜீப்ரா நூல். சிறு பிள்ளைக்கு அது கடினமான புத்தகம். ஆனாலும் சிறுவன் விடவில்லை. ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்தான்.

பாசல் நகரப் பள்ளியில் கணிதம் சரியாகச் சொல்லித் தரப்படவில்லை. ஆகவே தந்தை தனியாக ஓர் ஆசிரியரை அமர்த்தினார். 13-வது வயதில் ஆய்லர் பாசல் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே ஜோகான் பெர்னூலி என்ற பெரிய கணித அறிஞர் இருந்தார். அவரிடம் தனியாகப் பாடம் கேட்க ஆய்லர் ஆசைப்பட்டார். பெர்னூலிக்கு நேரம் இல்லை. ஆனால் பையனை அவர் வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. பெரிய நூல்களின் பெயரைச் சொல்லி, தானே படிக்கும்படி கூறினார். சந்தேகம் வந்தால் சனிக்கிழமை பிற்பகலில் தன் வீட்டுக்கு வரலாம் என்றும் அனுமதி கொடுத்தார்.

வாரம் முழுவதும் ஆய்லர் படிப்பார். ஆசிரியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, முடிந்தவரை தானே விடை தேடுவார். மிஞ்சிய சந்தேகங்களை மட்டும் சனிக்கிழமை கொண்டு போவார்.

மகனும் தன்னைப் போல் பாதிரியாராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பெர்னூலி தலையிட்டு, இந்தப் பிள்ளை கணிதத்துக்காகவே பிறந்தவன் என்று எடுத்துச் சொன்னார். தந்தையும் மனம் இசைந்தார்.

மடியில் குழந்தை, கையில் பேனா

1727-ம் ஆண்டு, 20 வயதில், ஆய்லர் ரஷியாவுக்குப் போனார். பீட்டர்ஸ்பர்க் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த விஞ்ஞானக் கழகத்தில் வேலை. 1733-ல் அங்கேயே கணிதப் பேராசிரியர் ஆனார். அடுத்த ஆண்டு கத்தரீனா என்ற பெண்ணை மணந்தார். அவள் ஓர் ஓவியரின் மகள்.

அவர்களுக்கு 13 குழந்தைகள் பிறந்தன. ஐந்து குழந்தைகளே பிழைத்து வளர்ந்தன. அந்தத் துயரத்தையும் தாங்கிக்கொண்டு அவர் வேலை செய்தார். மடியில் ஒரு குழந்தை இருக்கும். காலடியில் மற்றக் குழந்தைகள் விளையாடிக்கொண்டு இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஆய்லர் கணக்கு எழுதிக்கொண்டே இருப்பார்.

1738-ம் ஆண்டு அவர் வாழ்க்கையில் ஒரு பேரிடி விழுந்தது. வலது கண்ணின் பார்வை போய்விட்டது. அவர் கலங்கவில்லை. இனிக் கவனம் சிதறுவது குறையும் என்று வேடிக்கையாகச் சொன்னாராம்.

அதே 1738-ல்தான் அவருடைய எண்கணிதப் பாடநூலின் முதல் பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1740-ல் வந்தது. இது அறிஞர்களுக்காக எழுதியது அல்ல. விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக எழுதியது. கூட்டலும் கழித்தலும் பின்னமும்தான் பாடம்.

இவ்வளவு பெரிய மேதைக்கு இந்தச் சின்ன வேலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆய்லர் அதைச் சின்ன வேலையாக நினைக்கவில்லை. விதியை மட்டும் மனப்பாடம் செய்கிறவன், கணக்குச் சற்று மாறி வந்தால் திகைத்து நின்றுவிடுவான். காரணம் தெரிந்தவன் எந்தக் கணக்கையும் சமாளிப்பான். இதுவே அவருடைய கொள்கை. ஆகவே ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்லிக்கொண்டு போனார்.

அரசன் செய்த கேலி

1741-ல் ஜெர்மனியின் பிரஷியா நாட்டு அரசன் பிரடரிக் அழைக்க, ஆய்லர் பெர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தார். 25 ஆண்டுகள் அங்கே இருந்தார். ஓர் இளவரசிக்கு விஞ்ஞானம் கற்பிப்பதற்காக எளிய நடையில் 234 கடிதங்கள் எழுதினார். பின்னால் அவை நூலாக வந்து பல நாடுகளில் பரவின.

ஆனால் அரசனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. சபையில் சாதுரியமாகப் பேசிச் சிரிக்க வைப்பவர்களைத்தான் அரசனுக்குப் பிடிக்கும். ஆய்லரோ அடக்கமானவர். பக்தியுள்ள குடும்பஸ்தர். கிரேக்கர்களின் பழங்கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரைச் சொல்லி அரசன் அவரைக் கேலி செய்தான்.

1766-ல் ரஷிய ராணி இரண்டாம் கத்தரீன் மரியாதையோடு திரும்ப அழைத்தாள். ஆய்லர் குடும்பத்தோடு மீண்டும் பீட்டர்ஸ்பர்க் போனார். அப்போது அவருக்கு வயது 59. போன சில காலத்திலேயே இடது கண்ணும் மங்கிவிட்டது.

இனி அவரால் படிக்க முடியாது. தான் எழுதியதைத் தானே பார்க்க முடியாது. வேறு ஒருவராக இருந்தால் ஓய்வு பெற்று மூலையில் உட்கார்ந்திருப்பார். ஆய்லர் அல்ஜீப்ராவுக்கு ஒரு பாடநூல் எழுதத் தீர்மானித்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள்தான், பெர்லினில் வேலைக்கு வைத்துக்கொண்ட அந்தத் தையற்கார இளைஞன்.

பக்கத்தில் படித்த பிள்ளைகள் இல்லாமல் இல்லை. அவருடைய மூத்த மகனே கல்விமான். ஆனால் படித்தவர்கள் பாதி சொன்னதுமே மீதியைப் புரிந்துகொண்டுவிடுவார்கள். நூலில் குறை இருந்தாலும் அது வெளியே தெரியாது. ஒன்றும் தெரியாதவனுக்குப் புரிந்தால்தான் அது பாடநூல்.

கடனும் ஒரு கணக்கே

நூலின் தொடக்கத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் வருகின்றன. பிறகு பெருக்கல், வகுத்தல், பின்னம். பிறகு விகிதம், வட்டிக் கணக்கு. அதற்குப் பிறகே சமன்பாடு. ஒரு படி ஏறி நின்ற பிறகுதான் அடுத்த படி.

சூனியத்துக்கும் குறைந்த எண் உண்டு என்றால் யாருக்கும் மயக்கம் வரும். ஆய்லர் அதைக் கடனை வைத்து விளக்கினார். ஒருவன் கையில் காசே இல்லை. அதோடு 50 காசு கடனும் இருக்கிறது. அப்படியானால் அவனிடம் இருப்பது சூனியத்துக்கும் 50 குறைவு. யாராவது 50 காசு கொடுத்தால், கடனை அடைத்துவிட்டு அப்போதுதான் அவன் சூனியத்துக்கு வருவான்! கடன் வாங்கியவன் எவனுக்கும் இது புரியாமல் போகுமா?

சமன்பாட்டுக்கு அவர் கொடுத்த கணக்குகளில் ஒன்றைப் பாருங்கள். ஒரு தந்தைக்கு மூன்று மகன்கள். அவர் விட்டுப்போன சொத்து 1,600 தாலர். தாலர் என்பது அந்நாளைய ஜெர்மன் வெள்ளி நாணயம். மூத்தவனுக்கு நடுமகனை விட 200 அதிகம். நடுமகனுக்கு இளையவனை விட 100 அதிகம். உயில் இப்படிச் சொல்லுகிறது. ஆளுக்கு எவ்வளவு?

இளையவன் பங்கு நமக்குத் தெரியாது. தெரியாததற்கு ஒரு பெயர் வைத்துவிடுவதுதான் அல்ஜீப்ராவின் ரகசியம். அதற்கு எக்ஸ் என்று பெயர் வைப்போம். நடுமகன் பங்கு எக்ஸும் 100-ம். மூத்தவன் பங்கு எக்ஸும் 300-ம். மூன்றையும் கூட்டினால் மூன்று எக்ஸும் 400-ம் வருகிறது. இதுதான் 1,600. இரண்டு பக்கமும் 400-ஐக் கழித்தால், மூன்று எக்ஸ் 1,200. ஆகவே ஓர் எக்ஸ் 400. இளையவனுக்கு 400, நடுமகனுக்கு 500, மூத்தவனுக்கு 700. கூட்டிப் பாருங்கள். சரியாக 1,600 வரும்!

போகப் போகக் கணக்குகள் கடினமாகும். இரண்டு கிராமத்துப் பெண்கள் சேர்ந்து 100 முட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த கணக்கு அதில் புகழ்பெற்றது. ஒருத்தியிடம் முட்டை அதிகம், மற்றவளிடம் குறைவு. ஆனால் இருவருக்கும் கிடைத்த பணம் ஒன்றே. உன் முட்டைகளை என் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு 15 காசு கிடைத்திருக்கும் என்கிறாள் ஒருத்தி. உன் முட்டைகளை என் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு 6 காசும், மேலே ஒரு காசில் மூன்றில் இரண்டு பங்கும்தான் கிடைத்திருக்கும் என்கிறாள் மற்றவள். யாரிடம் எத்தனை முட்டை? வாசகர்கள் போட்டுப் பார்க்கலாம். விடை கட்டுரையின் கடைசியில் இருக்கிறது.

சொல்லச் சொல்ல எழுதிய தையற்காரன் என்ன ஆனான்? அவன் வெறும் எழுத்தனாக இருந்துவிடவில்லை. சொன்னது எல்லாம் அவனுக்குப் புரிந்தது. சில காலத்தில் கடினமான அல்ஜீப்ராக் கணக்குகளையும் தானே போடத் தொடங்கிவிட்டான். இதை அந்த நூலின் முன்னுரையே சொல்லுகிறது. அவன் அறிவில் நடுத்தரமானவன் என்பதையும் முன்னுரை ஒளிக்காமல் சொல்லுகிறது. நூலின் வெற்றிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நூல் முதலில் 1768-லும் 1769-லும் ரஷிய மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. 1770-ல் ஜெர்மன் மொழியில் வந்தது. பிறகு பிரெஞ்சு, ஆங்கிலம் என்று பல மொழிகளுக்குப் போயிற்று.

தீயும் இருளும்

1771-ம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் பெருந்தீ பரவியது. ஆய்லர் வீடும் பற்றிக்கொண்டது. கண் தெரியாத பெரியவர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். பாசல் நகரைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்ற தொழிலாளி தீக்குள் பாய்ந்தார். பெரியவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வீடு போயிற்று. நல்லவேளையாகக் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி தப்பியது.

அதே ஆண்டு இடது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை திரும்பியது! குடும்பமே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கண்ணில் சீழ் பிடித்து, கடுமையான வலிக்குப் பின் பார்வை மீண்டும் மறைந்தது. 1773-ல் மனைவி கத்தரீனாவும் இறந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் அவர் வேலை நிற்கவே இல்லை. நீண்ட கணக்குகளை மனத்திலேயே போடுவார். மகனும் மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். 1775-ல் மட்டும் வாரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில் கட்டுரைகள் வந்தன. அவருடைய நூல்களும் கட்டுரைகளும் சேர்ந்து 800-க்கு மேல். அவற்றில் ஏறக்குறைய பாதி, பார்வை போன பிறகு வந்தவை. வட்டக் கணக்கில் நாம் எழுதும் பை என்ற கிரேக்க எழுத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

1783-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி. அன்று காலை பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஆண்டுதான் பிரான்சில் வெப்பக்காற்றுப் பலூன் பறந்திருந்தது. பலூன் எப்படி ஏறும் என்று கணக்குப் போட்டார். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் கிரகத்தைப் பற்றி நண்பரோடு பேசினார். மாலையில் தேநீர் குடித்துக்கொண்டே பேரனோடு விளையாடினார். திடீரென்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. அன்று இரவே உயிர் பிரிந்தது. வயது 76. அவர் விட்டுச் சென்ற கட்டுரைகளை அச்சிட்டு முடிக்க விஞ்ஞானக் கழகத்துக்குச் சுமார் 50 ஆண்டுகள் பிடித்தன!

இன்று அமெரிக்கா போன்ற நாடுகளில், அடிப்படைக் கணக்கு வராமல் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்குக் கூட்டலில் தொடங்கி அல்ஜீப்ரா வரை பாடம் நடத்துகிறார்கள். 250 ஆண்டுகளுக்கு முன் ஆய்லர் தையற்காரனுக்கு வகுத்த பாதையும் இதுதான். ஆகவே, எனக்குக் கணக்கு வராது என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், பெற்றோர்கள் கோபிக்க வேண்டாம். ஊசி பிடித்த கையால் உலகப் புகழ்பெற்ற அல்ஜீப்ரா நூலை எழுதிய அந்த இளைஞனின் கதையைச் சொல்லுங்கள்!

(முட்டைக் கணக்கின் விடை: ஒருத்தியிடம் 40, மற்றவளிடம் 60. இருவருக்கும் கிடைத்தது தலைக்கு 10 காசு.)