ஷா தஹ்மாஸ்ப்பும் சிதறிய ஷாநாமாவும்

தமிழர் பலர் வாழும் டொரோண்டோவின் டோர்செட் பார்க் பகுதிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆகா கான் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. கயூமர்ஸ் மன்னனின் அரசவையைக் காட்டும் ஓவிய ஏடொன்று அதன் சேகரிப்பில் உள்ளது. பாரசீகத்தை ஆண்ட ஷா தஹ்மாஸ்ப்பின் நூலில் இருந்து பிரிக்கப்பட்ட ஏடு அது.

சஃபாவி வம்சத்தின் இரண்டாம் மன்னரான தஹ்மாஸ்ப் 1514இல் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் ஹெராத் நகரில் வளர்ந்த அவர், தந்தை ஷா இஸ்மாயில் 1524இல் இறந்தபோது பத்து வயதில் அரியணை ஏறினார். குலத்தலைவர்களின் பூசலும் ஒட்டோமான் படையெடுப்புகளும் அவரை அலைக்கழித்தன. ஆயினும், தாமே தூரிகை பிடிக்கப் பழகியிருந்த அம்மன்னரின் தப்ரீஸ் அரண்மனைக் கூடத்தில், ஃபிர்தௌசியின் ஷாநாமா காவியம் 759 ஏடுகளும் 258 ஓவியங்களும் கொண்ட பெருநூலாக உருவானது.

வயது ஏற ஏற மதக் கட்டுப்பாட்டில் தீவிரம் காட்டிய அவர் கலைகளில் இருந்து விலகினார். 1544இல் அவரிடம் அடைக்கலம் பெற்ற முகலாய மன்னர் ஹுமாயூன், மீர் சையித் அலி, அப்துஸ் சமத் ஆகிய ஓவியர்களைப் பின்னர் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். இந்தியாவின் முகலாய ஓவிய மரபு அவர்களிடம் இருந்தே வளர்ந்தது. 1568இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் செலிமுக்கு அந்த நூலையே தஹ்மாஸ்ப் பரிசாக அனுப்பினார். வலிய அண்டை நாட்டுடனான சமாதானத்துக்கு அவர் கொடுத்த விலைகளில் ஒன்றாகவே இதனைக் கொள்ள வேண்டும். 1576இல் அவர் காலமானார்.

இஸ்தான்புல் அரண்மனையில் 1800 வரையேனும் இருந்த நூல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ரோத்ஷைல்ட் குடும்பத்தவரிடம் காணப்பட்டது. 1959இல் அமெரிக்கச் செல்வந்தர் ஆர்தர் ஹோட்டன் அதனை வாங்கினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அரிய நூல்களுக்கான நூலகம் இவரது பெயரையே தாங்கியுள்ளது. ஆனால் இவரே நூலைப் பிரித்து, 78 ஓவியங்களை நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார்; 1976இல் ஏழு ஏடுகளை ஏலத்துக்கு விட்டார்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை மறவாத நமக்கு, நூலழிவு என்றால் தீயே நினைவுக்கு வரும். இங்கு எவரும் தீ வைக்கவில்லை. சட்டப்படியான உரிமையாளர் தமது உரிமையைப் பயன்படுத்தினார், அவ்வளவே.

ஹோட்டன் 1990இல் இறந்தார். எஞ்சிய 118 ஓவியங்களையும் எழுத்து ஏடுகளையும் மேலட்டையையும் 1994இல் வியன்னா விமான நிலையத்தில் ஈரான் பெற்றுக்கொண்டது. புரட்சிக்குப் பின் காட்சிப்படுத்த இயலாதிருந்த, வில்லெம் டி கூனிங் வரைந்த பெண்ணோவியம் ஒன்றை அது பதிலாகக் கொடுத்தது. ஏனைய ஏடுகள் இன்னும் கைமாறுகின்றன. 2022 ஒக்டோபரில் லண்டன் ஏலத்தில் ஓர் ஏடு மட்டும் 80 இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோனது.