திரைக்குப் பின் நின்ற தலைமகன்: எரிக் பொம்மர்

திரைப்படம் என்றவுடன் நம் நினைவில் முதலில் தோன்றுபவர் நடிகர். அடுத்துத் தோன்றுபவர் இயக்குநர். தயாரிப்பாளரைப் பட முதலாளி என்று அழைத்துப் பணப்பெட்டியோடு மட்டும் சேர்த்து எண்ணுவதே உலக வழக்கு. அவ்வெண்ணம் முழுமையானதன்று என்பதைத் தம் வாழ்நாள் உழைப்பால் மெய்ப்பித்தவர் செருமானிய நாட்டுத் தயாரிப்பாளர் எரிக் பொம்மர் ஆவார்.

திரைப்படம் குறித்து மாறுபட்ட கருத்துடைய பெரியோர் நம்மிடையே உளர். அவர்தம் கருத்துக்கு மதிப்பளித்தே இக்கட்டுரையை வரைகின்றோம். பிறருடைய பொருளையும் திறமையையும் அமானிதமாகப் பெற்ற ஒருவர் அதனை எவ்வாறு பேணினார், அது பறிக்கப்பட்டபோது எவ்வாறு வாழ்ந்தார், அதிகாரம் மீண்டும் கைக்கு வந்தபோது எவ்வாறு நடந்துகொண்டார் என்பனவே நாம் இங்கு நோக்க விழைவன.

தொழிலின் தொடக்கம்

பொம்மர் 1889ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் ஹில்டெஸ்ஹைம் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1907ஆம் ஆண்டில், திரைப்படம் இன்னும் சந்தைக் கூடாரத்து வேடிக்கையாகவே கருதப்பட்ட காலத்தில், பிரெஞ்சு நிறுவனமான கோமோனின் பெர்லின் கிளையில் பணியில் சேர்ந்தார். பின்னர் எக்ளேர் என்னும் மற்றொரு பிரெஞ்சு நிறுவனத்தில் உயர் பொறுப்பேற்றார். படத்தை விற்கக் கற்ற பின்னரே அவர் படத்தை ஆக்கக் கற்றார் என்பது கருதத்தக்கது. மக்கள் எதனை விரும்பிக் காண்பர் என்னும் அறிவு அவருக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று, வாணிகத்திலிருந்து வந்தது.

1915இல் பெர்லினில் டெக்லா என்னும் நிறுவனத்தை அவர் தோற்றுவித்தார். முதல் உலகப் போரில் தம் நாட்டுக்காகக் களம் கண்டு காயமுற்றார். போர் முடிந்தபோது செருமானியம் தோல்வியாலும் வறுமையாலும் நலிந்திருந்தது. அச்சூழலில் டெக்லா நிறுவனம் உருவாக்கிய 'டாக்டர் கலிகாரியின் பெட்டகம்' 1920 பிப்ரவரியில் பெர்லினில் வெளிவந்தது. இயக்கியவர் ராபர்ட் வீனெ. கோணலான சுவர்களும் சாய்ந்த வீதிகளும் துணியில் தீட்டப்பட்டன. ஒளியும் நிழலும்கூடத் தூரிகையால் வரையப்பட்டன. மனநோயின் உலகைக் கண்முன் நிறுத்திய அப்படம் செருமானியத் திரைக்கலையை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தது.

ஊஃபாவின் பொற்காலம்

டெக்லா நிறுவனம் 1921இல் ஊஃபா என்னும் பெருநிறுவனத்தோடு இணைந்தது. 1923 முதல் ஊஃபாவின் தயாரிப்புப் பிரிவு முழுவதும் பொம்மரின் பொறுப்பில் அமைந்தது. கதை எழுதுவோர், ஒளிப்பதிவாளர், அரங்க அமைப்பாளர், இயக்குநர் ஆகியோரை ஒரே குழுவாக அமர்த்தி, படப்பிடிப்புக்கு முன்பே கலந்து திட்டமிடச் செய்வது அவர்தம் முறை. அதன் பயனை முர்னாவ் இயக்கிய 'கடைசி மனிதன்' என்னும் 1924ஆம் ஆண்டுப் படத்தில் காண்கிறோம். கார்ல் மாயர் கதை எழுத, கார்ல் ஃபிராயிண்ட் படக்கருவியை நிலையிலிருந்து விடுவித்து நடமாடச் செய்தார். விடுதி வாயிற்காவலர் ஒருவர் தம் சீருடையை இழந்து தவிக்கும் துயரத்தை, எழுத்து அட்டைகளின் துணை ஏறத்தாழ இன்றியே அப்படம் உணர்த்தியது.

ஃபிரிட்ஸ் லாங்கின் 'நிபெலுங்கர்', டூபோனின் 'வரியேட்டே', முர்னாவின் 'ஃபாவுஸ்ட்' ஆகியனவும் பொம்மரின் ஆதரவில் மலர்ந்தவையே. எனினும், 'மெட்ரோபோலிஸ்' படத்தின் செலவு திட்டத்தை மீறி வளர்ந்தது. நிறுவனம் கடனில் ஆழ்ந்தது. கலைஞருக்கு உரிமை அளிப்பதும் கணக்கைக் காப்பதும் ஒருசேர நிகழாத வேளையில், 1926இன் தொடக்கத்தில் அவர் பதவி விலகி அமெரிக்கா சென்றார். இது அவர் வாழ்வில் நேர்ந்த பெருஞ்சறுக்கல் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

1927இன் இறுதியில் ஊஃபாவுக்குத் திரும்பியபோது, செலவை அளந்து மக்கள் விரும்பும் படங்களை ஆக்குபவராக அவரைக் காண்கிறோம். பேசும்படம் தோன்றிய அக்காலத்தில், ஒரே படத்தைப் பல மொழிகளில் எடுத்து வெளிநாட்டுச் சந்தையைக் காத்தார். 1930இல் வெளிவந்த 'நீலத் தேவதை' மார்லீன் டீட்ரிக்கை உலகப் புகழுக்கு உரியவராக்கியது. செல்வமிழந்த மூன்று நண்பர்கள் பெட்ரோல் நிலையம் நடத்தும் இசைக்கதையும், வியன்னா மாநாட்டைப் பின்னணியாகக் கொண்ட 'மாநாடு ஆடுகிறது' படமும் எளிய மக்களை மகிழ்வித்தன.

பிறப்பே குற்றமான நாள்

1933 சனவரியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச்சு 28ஆம் நாள் அமைச்சர் கோயபல்ஸ் திரைத்துறையினரைக் கூட்டி உரையாற்றினார். மறுநாளே ஊஃபாவின் நிருவாகக் குழு கூடி, யூதப் பணியாளர்களை விலக்க முடிவு செய்தது. சட்டம் வற்புறுத்தும் முன்பே நிறுவனம் தானாக அடிபணிந்தது. அந்நிறுவனத்துக்கு உலகப் பெயர் ஈட்டித் தந்த பொம்மரின் ஒப்பந்தமும் முறிக்கப்பட்டது. அவருடைய திறமையையும், நாட்டுக்காக அவர் பட்ட காயத்தையும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பிறப்பு ஒன்றே கேட்கப்பட்டது. லாங், பில்லி வைல்டர், சியோட்மாக் போன்றோரும் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களை இழந்ததால் செருமானியத் திரைக்கலை எய்திய வறுமை நீண்ட காலம் நீங்கவில்லை.

பொம்மர் பாரிசிலும் ஹாலிவுட்டிலும் இலண்டனிலும் படம் எடுத்தார். நடிகர் சார்லஸ் லாட்டனோடு சேர்ந்து மேஃபிளவர் நிறுவனத்தை நடத்தினார். 1939இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'ஜமைக்கா இன்' அந்நிறுவனத்தின் படமே. போர் மூண்ட காலத்தில் அமெரிக்காவில் தங்கிப் பணியாற்றினார். 1941இல் மாரடைப்பு அவரை வீழ்த்தியது. படநிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பெருநிறுவனத்தை ஆண்டவர், மனைவியோடு பீங்கான் பொருள்களுக்கு வண்ணம் தீட்டிப் பிழைக்க நேர்ந்தது. 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

திரும்பிய கரம்

1946இல் அவர் மீண்டும் செருமானிய மண்ணை மிதித்தார். இம்முறை அமெரிக்கப் படையாட்சியின் திரைப்பட அதிகாரியாக. எவருக்குப் படமெடுக்க உரிமம் வழங்குவது, எந்தப் படப்பிடிப்பு நிலையத்தைச் சீரமைப்பது என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. தம்மை விரட்டிய துறையின் தலைவிதி தம் கையில் இருந்தபோது, அதனைப் பழிதீர்க்கும் வாய்ப்பாக அவர் கொள்ளவில்லை. சிதைந்து கிடந்த தொழிலை எழுப்புவதையே கடமையாகக் கொண்டார். அமெரிக்கப் பட முதலாளிகள் அவர் செருமானியர் பக்கம் சாய்வதாகக் குறை கூறினர். செருமானியரோ அவர் இன்னும் விரைந்து உதவவில்லை என வருந்தினர். இருசாராருக்கும் இடையில் நின்று 1949 வரை பணியாற்றினார்.

பின்னர் மியூனிக்கில் சொந்த நிறுவனம் கண்டார். இட்லர் ஆட்சிக் காலத்திலும் செருமானியத்திலேயே இருந்து நடித்த ஹான்ஸ் ஆல்பர்சை வைத்து 1952இல் ஒரு படம் எடுத்தார். 1955இல் வெளியிட்ட 'பிள்ளைகள், தாய்மார்கள், ஒரு தளபதி' என்னும் படம், போர்முனைக்கு ஓடிய பள்ளிச் சிறுவர்களை மீட்கச் செல்லும் அன்னையரின் கதை. அடுத்த ஆண்டு அமெரிக்கா திரும்பிய அவர், 1966 மே 8ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்சில் தம் 76ஆம் வயதில் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

ஒருவரின் குலமும் சமயமும் கேட்டு அவர்தம் திறமையை ஒதுக்கும் சமுதாயம் தன் கையையே வெட்டிக்கொள்கிறது. இதனை நம்மைப் போன்ற சிறுபான்மையினர் நன்கு உணர்வோம். ஆயினும் பொம்மரின் வாழ்வு இன்னும் கடினமான ஒன்றையும் நம்மிடம் கேட்கிறது. அநீதிக்கு ஆளானவர் கையில் அதிகாரம் வரும் நாளில் அவர் நீதியாளராக நிற்பாரா என்பதே அது. பகைமை நீதியை மறைக்கலாகாது என்று நம் மார்க்கமும் நமக்கு வலியுறுத்துகிறது. நாளை பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வாணிகத்திலும் பிறர் வாழ்வை அமானிதமாக ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் அக்கேள்வியை இன்றே தம் நெஞ்சில் எழுப்பிக்கொள்வார்களாக.