ஊர் ஊராய் ஆட்டம் பழக்கிய அகதி: வசில் அவ்ரமென்கோ

இந்தப் பேரை எங்கட ஆக்கள் கனபேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் சிவப்புச் சப்பாத்தும், தலையில் பூமுடியும், முதுகில் தொங்கும் கலர் ரிப்பன்களுமாய் உக்ரேனியப் பிள்ளைகள் மேடையில் சுழன்று ஆடுவதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பொடியன்கள் குந்தியிருந்தபடியே காலை எறிந்து எறிந்து ஆடுவார்கள். பார்க்கிற எங்களுக்கு முழங்கால் நோகும். அந்த ஆட்டங்களைக் கனடாவின் மேடைகளில் நிலைக்க வைத்தவர் வசில் அவ்ரமென்கோ. அவரும் நாட்டை இழந்து வந்த ஒரு மனிதர்தான்.

1895ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி உக்ரேனில் ஸ்டெப்லிவ் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அந்த நாடு ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்தது. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். பிழைப்புத் தேடி ரஷ்யாவின் கிழக்குக் கரையில் இருக்கும் விளாடிவொஸ்ரொக் வரை போனார். பிறகு முதலாம் உலகப் போர் வந்தது, பட்டாளத்தில் சேர்த்தார்கள். சக்கரவர்த்தி ஆட்சி விழுந்து, உக்ரேன் தனிநாடாக எழும்பின காலத்தில் கீவ் நகரத்து நாடகப் பள்ளியில் படித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் வசில் வெர்ஹோவினெற்ஸ். கிராமம் கிராமமாய்ப் போய், சனம் கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் ஆடுகிற அடிகளைப் பார்த்து எழுதி வைத்த மனிதர் அவர். அவ்ரமென்கோ பின்னாளில் கொண்டுதிரிந்த முதல் இந்த ஆசிரியரிடம் கிடைத்ததுதான்.

அந்தத் தனிநாடு நீடிக்கவில்லை. 1920 முடிவில் உக்ரேனியப் படை தோற்றுப் போலந்துக்குள் பின்வாங்கியது. போலந்து அரசு ஆயுதங்களை வாங்கிக்கொண்டு அவர்களை முகாம்களில் அடைத்தது. அவ்ரமென்கோ இருந்தது கலிஷ் என்ற இடத்து முகாமில். கம்பி வேலிக்குள் நாளைக் கழிப்பது என்றால் என்னவென்று எங்கட வாசகர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாடும் போய், வீடும் போய், அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்த அந்தப் பொடியன்களைச் சேர்த்து 1921இல் அவர் ஒரு நடனப் பள்ளி தொடங்கினார். அவருடைய முதலாவது பள்ளி அதுதான். வெளியே வந்த பிறகும் விடவில்லை. அப்போது போலந்தின் கீழ் இருந்த மேற்கு உக்ரேன் ஊர்களில் போய்ப் போய்ப் பழக்கினார்.

1925 டிசம்பரில் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது முப்பது. இங்கே உக்ரேனியர் ஏற்கெனவே இருந்தார்கள். 1891 தொடக்கம் 1914 வரைக்கும் சுமார் 170,000 பேர் வந்து மனிற்றோபா, சஸ்கச்சுவான், அல்பேர்ட்டா பக்கம் காடு வெட்டிக் கமம் செய்தார்கள். இந்த நாடு அவர்களை மரியாதையாய் நடத்தவில்லை. பெரும்பாலானோர் ஒஸ்ரியச் சக்கரவர்த்தியின் நாட்டில் இருந்து வந்தவர்கள் என்பதால், முதலாம் உலகப் போர் நேரம் எதிரி நாட்டுக்காரர் என்று சொல்லிப் பிடித்தார்கள். 1914 முதல் 1920 வரை கனடாவின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் 8,579 பேர். அதில் பெரும்பகுதி உக்ரேனியர். அந்த முகாம்கள் மூடி ஐந்து வருசத்தில்தான் அவ்ரமென்கோ வந்து இறங்கினார். தங்கட பாசையை ரோட்டில் சத்தமாய்க் கதைக்கவே கூச்சப்பட்ட பிள்ளைகள் இருந்த காலம்.

1926இல் ரொறன்ரோவில் பள்ளி தொடங்கினார். அதே ஆண்டு அவருடைய மாணவர்கள் கனடியத் தேசியக் கண்காட்சியில் ஆடினார்கள். நாங்கள் ஓகஸ்ற் மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ராட்டினம் ஏற்றுகிற அதே சி.என்.ஈ.தான். நேற்றுவரை எதிரி என்று பேர் வைத்திருந்த சனத்தின் பிள்ளைகளுக்கு ஊர் உலகம் கை தட்டியது. அந்தத் தாய் தகப்பன்மாரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வின்னிபெக், அதன்பிறகு மேற்குப் பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்கள். அவர் பழக்கின விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஊருக்குப் போவார். கோயில் மண்டபமோ சங்கக் கட்டடமோ கிடைத்தால் போதும். கமக்காரன் பிள்ளை, கடைக்காரன் பிள்ளை, ஆடத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. கட்டணம் வாங்கித்தான் பழக்கினார். சில வாரம் அடி பழக்கி, வரிசை பழக்கி, ஹொபாக், கொலொமிய்க்கா, அர்க்கான் போன்ற ஆட்டங்களைக் கொடுத்து, கடைசியில் ஊரைக் கூட்டி மேடையேற்றுவார். சான்றிதழ் கொடுப்பார். கெட்டிக்காரராய் இருந்தவர்களை ஆசிரியராக்கி விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். அவர் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை.

பிறகு அமெரிக்கா போனார். 1931 ஏப்ரலில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பரா மண்டபத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரரை ஏற்றினார். அவருடைய பேர் உச்சத்தில் நின்ற நேரம் அது.

இனிச் சொல்லப்போவது அவ்வளவு சந்தோசமான கதை இல்லை. ஆனால் ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதினால் அது கலியாண வாழ்த்துமடல் ஆகிவிடும். அவ்ரமென்கோவுக்குப் படம் எடுக்கிற ஆசை பிடித்தது. கொம்பனி தொடங்கி, உக்ரேனியச் சனத்திடம் பங்கு விற்றார். கமக்காரரும் சுரங்கத்தில் உழைத்தவர்களும் பொருளாதாரம் விழுந்து கிடந்த அந்த வருசங்களில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்தார்கள். 1936இல் 'நத்தால்கா பொல்தாவ்கா', 1938இல் 'நாடுகடந்த கொசாக்குகள்' என்று அர்த்தம் வரும் இன்னொரு படம், இரண்டும் எடுத்து முடிந்தன. சனம் தங்கட பாசையைத் திரையில் கேட்டுக் கண்கலங்கியது உண்மை. போட்ட காசு திரும்பி வரவில்லை என்பதும் உண்மை. காசுக் கணக்கில் அவர் கெட்டிக்காரர் இல்லை. கனபேருக்கு அவரில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பொதுக் காரியத்துக்கு என்று வீடு வீடாய்க் காசு சேர்த்துக் கணக்குப் பிழைத்த கதை எங்களுக்கும் புதிதில்லைத்தானே.

அதே 1938இல், அங்கே, அவருடைய ஆசிரியர் வெர்ஹோவினெற்ஸைச் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. கிராமத்து ஆட்டத்தை எழுதி வைத்தவருக்குக் கிடைத்த முடிவு அது. அவர் பழக்கின அடிகளோ அந்த நேரம் கடலுக்கு இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான மண்டபங்களில் ஆடப்பட்டுக்கொண்டிருந்தன.

அவ்ரமென்கோ 1981ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நியூயோர்க்கில் 86ஆவது வயதில் காலமானார். உக்ரேன் சுதந்திரம் அடைந்தது 1991இல். 1993இல் அவருடைய எச்சங்களைக் கொண்டுபோய்ப் பிறந்த ஊரான ஸ்டெப்லிவில் அடக்கம் செய்தார்கள். உயிரோடு திரும்பிப் போகக் கிடைக்கவில்லை, மண்ணாவது கிடைத்தது.

அவர் போட்ட பாதையில்தான் 1959இல் எட்மன்ரனில் ஷும்கா, 1962இல் வின்னிபெக்கில் ருசால்கா என்று பெரிய ஆட்டக்குழுக்கள் பிறந்தன. இன்றைக்கு ஆடுகிற பிள்ளைகள் கனபேருக்கு உக்ரேனியம் கதைக்க வராது, நாலாம் ஐந்தாம் தலைமுறை. ஆனாலும் சனிக்கிழமை காலமை மண்டபத்துக்குப் போய் அடி பழகுகிறார்கள்.

என்ர மகள் இரண்டு வருசம் நடன வகுப்புக்குப் போனாள். ஆசிரியை வேறு நகரத்துக்கு மாறிப் போனார், வகுப்பும் அத்தோடு நின்றுவிட்டது. அந்த ஆசிரியையில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த ஆளைப் பழக்கி விடுங்கோ என்று பெற்றோர் நாங்கள்தான் ஒருநாளும் கேட்கவில்லை. வேலைத்தலத்தில் இரவு ஷிப்ற் நிற்கும்போது இந்த மனிதரின் கதையை நினைத்தால் எனக்கு உறைப்பது இதுதான். இந்தப் புத்தாண்டு விழாவில் ஆடப்போகிற பிள்ளைகளில் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரைச் சின்னவர்களுக்குப் பழக்க விட்டால் என்ன? சங்கம் அடுத்த கூட்டத்தில் இதைக் கதைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.